ஐந்தாவது கேள்வி

நான் போனை வாங்கியிருக்கலாம். ‘கொடு, என்னோடதை நானே நிரப்பிக்கறேன்’ என்று ஒரு வார்த்தை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வேன் ஒரு திருப்பம் திரும்புகிற நேரம். ஆனால் நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

மல்லேஸ்வரம் வீட்டின் மாடி அறையில் படுத்துக்கொண்டு நிருபமா இதையே ஒன்பது நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். இது மாமியார் வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் கூட்டி வந்தார்கள். எலஹங்கா ஃப்ளாட்டில் அவள் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மாமியார் ரமா சொல்லிவிட்டாள். பத்தாவது வாரத்தில் கர்ப்பம் கலைந்துபோன மருமகளுக்கு, பிள்ளை பெற்றவளுக்குத் தருகிற அங்காயப் பொடி சாதத்தையே பிசைந்து கொடுத்தாள். நிருபமாவும் சாப்பிட்டாள். நாளைக் காலையில் அவளும் ஹர்ஷாவும் ஃப்ளாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

கீழே வாசலில், பூ வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்கும் பூக்காரியின் குரல் வந்தது. “ஹூ பேக்கா அம்மா?”

“நாளெ பா.” நாளைக்கு வா என்று ரமா அனுப்பிவைத்தாள்.

இந்த வீட்டில் யாரிடமும் எதற்கும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். காபிப் பொடி தீர்ந்துபோனால் ‘காபிப் பொடி நெறஞ்சிருக்கு’ என்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் மாதம் நிருபமா அடுக்களையிலிருந்து “அரிசி இல்லைம்மா” என்று கத்தியதற்கு, ரமா அவள் வாயைப் பொத்தாத குறை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன்தான் ஹர்ஷா.

புக்கெட் பயணம் ஹர்ஷாவின் ஆபீஸ் கொடுத்தது. அவன் டீமில் ஆறு பேர், ஆறு பேரின் மனைவி அல்லது கணவன், நான்கு நாள். மூன்றாவது நாள் விடியற்காலையில் ஸ்பீட்போட்டில் தீவுகளுக்குப் போய், முகமூடி மாட்டிக்கொண்டு மீன் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்புவது. கிளம்புவதற்கு ஆறு நாள் முன்னால்தான், எலஹங்கா ஃப்ளாட்டின் குளியலறையில், பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன் ஹர்ஷா. “ரெண்டு. ரெண்டுதானே?” என்று கேட்டுவிட்டு, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டான். மூன்று மாதம் ஆகாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது ரமா சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவந்த விதி. அதனால் ரமாவிடமும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

தீவுக்குப் போகிற அன்று காலை ஐந்தரை மணிக்கு ஹோட்டல் வாசலுக்கு வேன் வந்தது. படகுக்காரர்கள் போனுக்குப் படிவம் அனுப்பியிருந்தார்கள். தம்பதிக்கு ஒன்று. முன் இருக்கையில் ஹர்ஷாவின் மேனேஜர் ரகுராமும் அவர் மனைவி அம்ருதாவும் இருந்தார்கள். ஹர்ஷா சத்தமாகப் படித்தான்.

“ஹார்ட் பிராப்ளம் உண்டா, நிரு?”

“கல்யாணத்துக்கு முன்னாடி கெடையாது.”

அம்ருதா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆஸ்துமா?”

“ம்ஹூம்.”

“முதுகுல ஆபரேஷன்?”

“ம்ஹூம்.”

“நேத்து ராத்திரி தண்ணி அடிச்சியா?”

“நீதான் அடிச்சே. எனக்கு மோர்கூடக் கெடைக்கலை.”

ஐந்தாவது கேள்வியை அவன் படிக்கவில்லை. கர்ப்பமாக இருக்கிறீர்களா என்ற வரி திரையில் நின்றது. அதற்குக் கீழே இரண்டு கட்டம். அவன் கட்டைவிரல் அதன்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே போயிற்று. “இங்க ஒரு சைன்” என்று போனை அவள் பக்கம் நீட்டினான். அவள் விரலால் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கும் போக வேண்டும்போல இருந்தது. ஹர்ஷாவின்மேல் கோபம் ஏறும்போதெல்லாம் இந்த ஒரு விஷயம் குறுக்கே வந்து நிற்கும். எட்டாவது படிக்கும்போதே கண்ணாடி போட்டவள். மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருப்பவரின் முகம் கரைந்துபோகும். இந்தப் பயணத்துக்கென்றே தன் பவருக்குக் கண்ணாடி பொருத்திய முகமூடி ஒன்றைத் தேடி வாங்கியிருந்தாள். சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே அதை இரண்டு துண்டு சுற்றி வைத்திருந்தாள். அவன் கேள்வியைப் படிக்காமல் விட்டபோது, தான் வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டியதாகவில்லை என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அதுவும் உண்மைதான்.

படகுத் துறையில் இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. தொப்பி போட்ட வழிகாட்டிப் பெண் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, தன் வயிற்றைத் தட்டிக்காட்டி, “பேபி? யாராவது பேபி? போட் ரொம்பக் குதிக்கும். பேபி இருந்தா வரக்கூடாது” என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள். ரகுராம் தன் தொப்பையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, “எனக்கு ஆறு மாசம், மேடம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹர்ஷா எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தான். ஏறியதும் அவள் பின்பக்கம் உட்காரப் போனாள். அம்ருதா கையைப் பிடித்து இழுத்தாள். “பின்னாடி போய் என்ன பண்ணப்போறே? முன்னாடி வா, ஃபோட்டோ சூப்பரா வரும்.” நிருபமா ஹர்ஷாவைப் பார்த்தாள். அவன் லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

ஒன்றரை மணிநேரம் படகு அலையின்மேல் ஏறி ஏறி விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் அவள் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை இருக்கையிலிருந்து சற்றே தூக்கிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

பிறகு தண்ணீர். அதை நினைக்கக்கூடாது என்று நிருபமா தனக்குத்தானே தடை போட்டிருந்தாள், ஆனால் அது தானாகவே வரும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பச்சையும் ஊதாவுமான பெரிய மீன் ஒன்று பவளப் பாறையைக் கடித்துத் தின்றது. அது நறுக் நறுக்கென்று கடிப்பது காதில் கேட்டது. தன் மூச்சும் கேட்டது. இருபது நிமிஷம் அவளுக்கு யாரும் ஞாபகம் வரவில்லை. வயிற்றில் இருந்ததைத் தவிர. ‘பார்த்தியா’ என்று அதனிடம் சொல்லிக்கொண்டாள். வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக இருந்ததாக அவளுக்கு வேறு நாள் ஞாபகமில்லை. இப்போது அந்தச் சந்தோஷத்தையும் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அதுவே குற்றமாகிவிடும்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து ரத்தப்போக்கு ஆரம்பித்தது. டாக்டர் அம்மாள் தெளிவாகத்தான் சொன்னாள்: கருவிலேயே ஏதோ கோளாறு, படகோ விமானமோ காரணமில்லை, வீட்டில் கட்டிலிலேயே படுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். ரமா கேட்டுக்கொண்டு நின்றாள். பத்து வாரம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து விரல்விட்டுப் பின்னால் எண்ணினாள். பிறகு மகனை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஹர்ஷா காபியோடு மாடிக்கு வந்தான். டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். உடனே குடிக்கச் சொல்லவில்லை. அதிலிருந்தே ஏதோ கேட்கப்போகிறான் என்று தெரிந்தது.

“நாளைக்குக் கெளம்பறோம் இல்லையா. அம்மா இன்னிக்கு உங்கிட்ட கேப்பா.”

“என்னன்னு?”

“புக்கெட் போறச்சே தெரியுமான்னு.”

“உங்கிட்ட கேட்டாளா?”

“அன்னிக்கே கேட்டா.” அவன் போர்வையின் நூலைப் பிடித்து இழுத்தான். “தெரியாதுன்னு சொல்லிட்டேன். அழுதுண்டிருந்தா, நிரு. திடீர்னு கேட்டா. வாயில வந்துடுத்து.”

“வாயில வந்தது சரி. ஒம்பது நாளா அங்கேயே இருக்கே.”

அவன் அதற்குச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. இத்தனை நாளும் ரமா அவனிடம் காட்டிய கனிவு நிருபமாவுக்கு இப்போதுதான் புரிந்தது. “பாவம் கொழந்தை, அவனுக்கு யார் ஆறுதல் சொல்றது” என்று போனில் தன் தங்கையிடம் சொன்னது. அவன் தட்டில் மட்டும் இரண்டாவது கரண்டி நெய். தன்னைக் கேட்காமலே தன் முதுகுக்குப் பின்னால் ஒரு கதை எழுதி முடித்துவிட்டார்கள். அதில் அவளுடைய பாத்திரத்தை அவள் வந்து நடித்துக்கொடுப்பதுதான் பாக்கி.

“நான் ஒண்ணு யோசிச்சேன்” என்றான் ஹர்ஷா. “போன மாசம், ஊர் திரும்பினப்பறம், என் பர்த்டே வந்தது இல்லையா. அன்னிக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு நீ வெச்சிருந்தே. அதனாலதான் எங்கிட்டகூடச் சொல்லலை. அப்படிச் சொல்லிடேன். கேக்கறதுக்கும் அழகா இருக்கும்.”

“அழகா இருக்கும்” என்று அவளும் சொன்னாள்.

“டாக்டரே சொல்லிட்டா, போட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாதுன்னு. அப்பறம் யாருக்கு எப்பத் தெரிஞ்சா என்ன?”

“அதையேதான் நானும் கேக்கறேன். சம்பந்தமே கெடையாதுன்னா எனக்கும் தெரியும்னு நீயே சொல்லிடலாமே.”

“அம்மா டாக்டரை நம்பலை” என்றான்.

“அதனால என்னைப் பிடிச்சு முன்னாடி நிறுத்தறே.”

“உன்னை ரெண்டு நாள் திட்டுவா. மறந்துடுவா. பொம்மனாட்டிகளுக்குள்ள சரியாப் போயிடும். எங்கிட்ட அப்படிக் கெடையாது, நிரு. நான் ஒரே பிள்ளை. தெரிஞ்சே கூட்டிண்டு போனேன்னா அவ என்னை…” நிறுத்திக்கொண்டான். பிறகு, இன்னும் தணிந்த குரலில், “சைன் போட்டது நீதானே” என்றான்.

அவள் காபியை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. கையெழுத்துப் போட்டது அவள்தான். அதை மறுக்கிற எண்ணம் அவளுக்கு வரவேயில்லை. அந்த ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தவனின் முகம்தான் வந்தது. அன்றைக்கு அங்கே இருந்தது அவர்கள் இருவர் மட்டும். ‘அவனுக்குத் தெரியாது’ என்று அவள் சொல்லிவிட்டால், அந்தக் காலை நேரத்தில் அவன் அங்கே இல்லவே இல்லை என்றாகிவிடும். அப்போது அது, அவள் ஒருத்தி தனியாகச் சுமந்து, தனியாக மறைத்து, தனியாகக் கடலில் கொண்டுபோய்த் தொலைத்த ஒன்றாகிவிடும். தகப்பன் இல்லாத ஒன்று.

“யோசி” என்று சொல்லிவிட்டு ஹர்ஷா கீழே போனான்.

அவள் குளித்துவிட்டு இறங்கியபோது மாமனார் நடைக்குப் போயிருந்தார். ரமா சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஹர்ஷா பேப்பரோடு உட்கார்ந்திருந்தான். ரமா கத்தியை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை நிருபமாவின் பக்கம் தள்ளினாள். குடும்ப குரூப்பில் அம்ருதா எடுத்த ஃபோட்டோ. ஈரத் தலை, நெற்றிக்கு ஏற்றிய முகமூடி, முகம் கொள்ளாத சிரிப்பு.

“இதுல எத்தனை வாரம்?”

“ஏழு.”

“அன்னிக்கு இதுக்கு நானே ஹார்ட் போட்டேன்” என்றாள் ரமா. குரலில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. “எனக்கு ரெண்டு போயிருக்கு, தெரியுமோ உனக்கு? ஹர்ஷாவுக்கு முன்னாடி.”

நிருபமாவுக்குத் தெரியாது. தலையை ஆட்டினாள்.

“முதல் தடவை பஸ்ஸுல ஏறினதாலேன்னு. ரெண்டாவது தடவை மாடிப்படி ஏறினதாலேன்னு. என் மாமியார் போற வரைக்கும் சொல்லிண்டிருந்தா.”

“பஸ்ஸால எப்படிம்மா போகும்?”

“போகாதோ என்னவோ. ஆனா ஏறினேனே.” ரமா ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தாள். “அதனால நான் உன்னை அப்படிப் படுத்த மாட்டேன். போனது போயாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு மனசுல ஓடிண்டே இருக்கு. கொழந்தை உண்டாகியிருக்கறது தெரிஞ்சும் என் பிள்ளை உன்னை அந்தப் படகுல ஏத்தினானா? எனக்குத் தெரியாதும்மான்னு சொல்றான். நீதான் மறைச்சியாம். அதை உன் வாயால ஒரு தடவை சொல்லிடு. கேட்டுக்கறேன். அதுக்கப்பறம் இந்த ஜன்மத்துல இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். சத்தியமா.”

கூடத்தில் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. ஹர்ஷா எழுந்து வந்து வாசற்படியில் நின்றான்.

“பர்த்டேக்கு சர்ப்ரைஸா சொல்லணும்னு வெச்சிருந்தாம்மா. சின்னப் பொண்ணாட்டம். சொல்லிடேன், நிரு.”

ரமாவின் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன. அதில் கெஞ்சல் இருந்தது. இத்தனை சுலபமான ஒன்றை இதற்குமுன் யாரும் அவளிடம் கேட்டதில்லை என்று நிருபமாவுக்குத் தோன்றியது. ஒரு வரி. சொல்லிவிட்டால் நாளைக் காலையில் அங்காயப் பொடி டப்பாவோடும் நல்ல பெயரோடும் கிளம்பிவிடலாம். தவறு செய்து மன்னிக்கப்பட்ட மருமகள் என்ற நல்ல பெயர். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வயிற்றின் அடியில் இன்னும் மந்தமாக ஒரு வலி இருந்தது.

“அதை நான் சொல்ல மாட்டேன்மா” என்றாள் மெதுவாக.