உள்மடிப்பு

...இல்லை, நூலை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக் கூடாது, கை கொஞ்சம் நடுங்கினாலும் குச்சி நகரும், குச்சி நகர்ந்தால் கூண்டின் கதவு விழும், அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தத் தெருப்பூனை, என் ஓரக்கண்ணி, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள், அதற்காகத் தளர்த்திப் பிடிக்கவும் கூடாது, தளர்ந்தால் வேண்டிய நேரத்தில் இழுபடாது... தையல் நூலை எட்டாக முறுக்கிச் செய்த கயிறு இது, என் பெட்டியிலேயே கெட்டியான நூல், பள்ளிக்கூடப் பைகளுக்கு மட்டும் எடுக்கிற நூல். சமையலறைத் தரையில், அரைச்சாண் திறந்த பின்கதவுக்குப் பின்னால், ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி, எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். நீட்டிய கால் மரத்துப் போய்விட்டது, மடித்த கால் என்னுடையதுதானா என்றே தெரியவில்லை. கதவுக்கு வெளியே சுவர் வரைக்கும் ஏழு கல், சிமெண்டுக் கற்கள், மூன்றாவது கல்லில் கூண்டு, கூண்டின் கோடியில் வேகவைத்த மீன். கால்நடை மருத்துவர் நேற்றுக் காலையில் சொல்லித்தான் கூண்டைக் கொடுத்தார், “இன்னிக்குப் பூரா பட்டினி போடுங்க. பாவம் பாத்தீங்கன்னா பிடிக்க முடியாதும்மா. வால் உள்ள போன பிறகுதான் இழுக்கணும், அவசரப்படாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் கூண்டு திரும்பி வந்துடணும், இன்னொருத்தர் காத்திருக்காங்க.” பிறகு என் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், ஓரக்கண்ணியின் கழுத்து, நீலப் பட்டை, பட்டையின் இரண்டு பக்கமும் ஈரமாகச் சிவந்த கோடு. “சதைக்குள்ள போயிட்டிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா நானே ஒண்ணும் பண்ண முடியாது.” அதைச் சொன்னபோது அவர் என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், யார் மாட்டினார்கள் என்றாவது கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான்தான், டாக்டர், நானேதான் தைத்தேன்.

நல்லது என்று நினைத்துத்தானே செய்தேன்? மேல்வீட்டு டீச்சர்தான் ஒருநாள் படியில் நின்று சொன்னாள், “அக்கா, தெருப் பூனையெல்லாம் வண்டியில பிடிச்சிட்டுப் போகப் போறாங்களாம். கழுத்துல பட்டை இருந்தா வீட்டுப் பூனைன்னு விட்டுடுவாங்களாம்.” அவளும் நல்லதற்குத்தான் சொன்னாள், நானும் நல்லதற்குத்தான் கேட்டேன், இரண்டு நல்லதும் சேர்ந்து இப்படி ஒரு உயிரின் கழுத்தில் போய் உட்காரும் என்று யார் கண்டது. அப்போது படிக்கட்டுக்கு அடியில் இரண்டு குட்டிகள், தாய் எங்கே போனாளோ, உள்ளங்கையில் அடங்குகிற குட்டிகள் அல்ல, மூன்று மாதக் குட்டிகள், மனிதர்களை நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்ட வயது. மீந்துபோன பைப்பட்டையில் நீலமாக ஒரு முழம் இருந்தது. அதைக் குறுக்கே கிழித்து, விளிம்பு உரசாமல் மடித்து, இரண்டு விரல் நுழையும்படி அளவு விட்டு, முன்னும் பின்னும் தைத்து... குழந்தைகளின் சட்டையில் வளரும்போது பிரித்துவிட உள்ளே துணி மடித்து வைப்பேனே, அதே மாதிரி அதிலும் அரை விரல் உள்மடிப்பு வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பெரிதாக்கிவிடலாம் என்று. இத்தனை யோசித்தவளுக்கு இது மட்டும் ஏன் தோன்றவில்லை, குழந்தை வளர்ந்தால் அதன் அம்மா சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள், இதை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்? அன்றைக்கு இவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் கழுத்தோடு வைத்துக் கடைசித் தையலைக் கையாலேயே போட்டேன். குட்டி நடுங்கியது. ஊசி படவில்லை, சத்தியமாகப் படவில்லை, ஆனால் துண்டை விரித்ததும் போனவள்தான், அதற்குப் பிறகு என் விரல் அவள் மேல் பட்டதே இல்லை. அந்த உள்மடிப்பு இப்போதும் அங்கேயே இருக்கிறது, பிரிப்பதற்குத் தயாராக, அவள் தொண்டையை அழுத்திக்கொண்டு. பட்டையில் அதுதான் தடித்த இடம்.

உள்ளே, வீட்டுப் பூனை இரண்டையும் போட்டு அடைத்த படுக்கையறையின் கதவைப் பிறாண்டுகிற சத்தம், குண்டன்தான், மீன் வாசனை போயிருக்கும். சின்னம்மா பிறாண்ட மாட்டாள், கதவுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்து, இந்த வீட்டு நிர்வாகம் கெட்டுப்போய்விட்டது என்கிற முகத்தோடு காத்திருப்பாள். பத்து வயதுக் கிழவி, இந்த வீட்டுக்கு எனக்கு முன்பே வந்தவள் மாதிரி நடந்துகொள்வாள். ஜன்னல் வலைக்கு அந்தப் பக்கம் ஓரக்கண்ணியைக் கண்டாலே உடம்பெல்லாம் சிலிர்த்துச் சீறுவாள், அவள் சாப்பிட்ட தட்டை நான் தொட்டுவிட்டு வந்தால் என் கையை முகர்ந்து பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் இவளுக்குத் தெரியும். குண்டன் அப்படி இல்லை, அவனுக்கு யார் மேலும் வருத்தம் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த இரண்டு குட்டிகளில் ஒன்று அவன்தான். பட்டை மாட்டிய அன்று சாயங்காலமே கதவிடுக்கில் நுழைந்து, மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணிக் குவியலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டான். அவன் பட்டையை இரண்டு முறை பிரித்துப் பெரிதாக்கினேன், மூன்றாம் முறை கழற்றியே போட்டுவிட்டேன், வயிற்றைக் காட்டிக்கொண்டு கொட்டாவி விட்டான். ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்று வாசல்படியைத் தாண்டியது, ஒன்று தாண்டவில்லை, அவ்வளவுதானே வித்தியாசம்? அதை யார் தீர்மானித்தது, நானா, அதுகளா, கடவுளா... ஓரக்கண்ணி வருவாள், தினமும் காலையும் மாலையும் வருவாள், பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே சுவர் மேல் தலை தெரியும். ஆனால் முதல் மாதம் முழுக்க ஏழாவது கல், பிறகு ஆறு, பிறகு ஐந்து. நேராகப் பார்க்க மாட்டாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் என் மேல் ஓரமாக வைத்திருப்பாள், அதனால்தான் அந்தப் பெயர். நான்காவது கல்லுக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தையும்தான் இன்றைக்கு இந்தக் கூண்டுக்குள் வைத்திருக்கிறேன், மீனை அல்ல.

வந்துவிட்டாள். கடவுளே, வந்துவிட்டாள். சுவரிலிருந்து குதிக்காமல் சறுக்கி இறங்குகிறாள், குதித்தால் கழுத்து வலிக்கிறது போல. ஆறு. ஐந்து. நிற்கிறாள். “பா... பா...” என்று எப்போதும் போலக் கூப்பிட்டேன், கூப்பிடும்போதே நாக்கு கூசியது, சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே குரல், இந்தக் குரலை இப்படிப் பயன்படுத்தலாமா? அவள் நல்லதற்குத்தானே, அவளுக்கு எப்படித் தெரியும், பட்டை மாட்டினபோதும் நல்லதற்குத்தானே... பின்னால் இவர் குளித்துவிட்டு வந்து நிற்கிற வாசனை. “ஏம்மா, என் சட்டை உள்ள இருக்கு.” ஷ், என்றேன் திரும்பாமல். “ஒன்பதரைக்கு வண்டி எடுக்கணும். துண்டோடயே ஓட்டச் சொல்றியா, டிக்கெட் வாங்க ஒருத்தன் ஏற மாட்டான்.” கொஞ்சம் இருங்க, தலையை நீட்டிட்டா, என்று உதட்டை மட்டும் அசைத்தேன். “நீ தூண்டில் போட்டு உக்காந்திருக்க அழகுக்கு மீனே சிரிக்கும்” என்று கிசுகிசுத்துவிட்டு, பாவம், கால் விரலிலேயே நடந்து போனார். ராத்திரியே சட்டையை எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும், பால், மீன், நூல், குச்சி, எல்லாவற்றையும் யோசித்தவள் சட்டையை யோசிக்கவில்லை. ஓரக்கண்ணி தலையை உள்ளே விட்டாள். முன்காலிரண்டும் உள்ளே. கழுத்தை நீட்டும்போது பட்டை தெரிகிறது, என் தையல் தெரிகிறது, பத்து மாதம் மழை வெயில் மண் எல்லாம் பட்டும் ஒரு கண்ணி விடவில்லை. என் தையல் அப்படித்தான், “அக்கா தைச்சா பை கிழியும், தையல் பிரியாது” என்று டீச்சர் ஊரெல்லாம் சொல்லுவாள், அதைக் கேட்டு எத்தனை முறை உள்ளுக்குள் பூரித்திருக்கிறேன், அந்தப் பெருமைதான் இப்போது... பின்கால் ஒன்று உள்ளே. வால் வரட்டும், வால் மட்டும் வரட்டும், கடவுளே, நான் உன்னிடம் எனக்கென்று பெரிதாக எதுவும் கேட்டதில்லை. படுக்கையறைத் தாழ்ப்பாள் மெல்லத் திறக்கிற சத்தம். “டேய், டேய், குண்டா!” என் முழங்கைக்கு அடியில் ஏதோ கனமாக இடித்துக்கொண்டு போயிற்று, அரைச்சாண் இடைவெளியில் அந்த வயிறு எப்படி நுழைந்ததோ, கூண்டுக்குள் தங்கையைத் தாண்டிக்கொண்டு அண்ணன் போனான், அவள் காற்றில் திரும்பின மாதிரி திரும்பி வெளியே பாய்ந்தாள், நான் இழுக்கவில்லை, இழுக்க நினைக்கவே இல்லை, கை தானாகத் தூக்கிப் போட்டது. கதவு விழுந்தது. அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

குண்டன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூட்டிய கூண்டுக்குள் சப்பென்று உட்கார்ந்து மீனைத் தின்றான், என் கையால் செய்தது எதுவும் தனக்குக் கெடுதலாக வராது என்று அத்தனை நிச்சயம் அவனுக்கு. ஓரக்கண்ணி சுவர் மேல் ஏறிவிட்டாள், ஓடிவிடவில்லை, பசி அவளை ஓடவிடவில்லை, அங்கிருந்தே பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள். கூண்டிலிருந்து தரையில் கிடந்த நூலைப் பார்த்தாள், நூல் போகிற வழியிலேயே கல் கல்லாகக் கண்ணைக் கொண்டுவந்து, வாசல்படி ஏறி, என் கையில் நிறுத்தினாள். முதல் முறையாக நேராகப் பார்த்தாள். பத்து மாதமாக அந்தக் கண்கள் நேராகத் திரும்பாதா என்று ஏங்கியிருக்கிறேன். இவர் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார், “என் தப்புதாம்மா. ஒரு விரல்தான் திறந்தேன், எண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போயிட்டான்.” உங்க மேல என்னங்க தப்பு, என்றேன், அவர் மணிக்கட்டில் அன்றைக்கு அந்தக் குட்டி கீறின கோடு இன்னும் வெள்ளையாக இருக்கிறது, இவர் எதற்கு ஒவ்வொரு தடவையும் என் நல்லதுக்கெல்லாம் கீறல் வாங்கிக்கொள்ள வேண்டும். “சாயங்காலம் வரைக்கும் கூண்டு நம்மகிட்டதானே இருக்கு, மறுபடி வை, பசிச்சா வரும்” என்றார், என் தோளைத் தொட்டார், போனார். பசித்தால் வருவாள். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். குண்டனை வெளியே எடுத்தேன், மீன் மணக்க என் கன்னத்தில் இடித்தான், அறைக்குள் கொண்டுபோய் விட்டதும் சின்னம்மா அவனை முகர்ந்து பார்த்துவிட்டுக் காதோடு ஓர் அறை விட்டாள், எனக்கு விழ வேண்டியது. கூண்டுக் கதவைத் தூக்கினேன், குச்சியை நிறுத்தினேன், மீதி மீனை வைத்தேன், உட்கார்ந்தேன், பா... பா... என்றேன். சுவர் மேல் ஒரு காது திரும்பியது. அவ்வளவுதான். பத்து மணி, பத்தரை. அவள் அங்கேயே இருந்தாள், வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, பட்டைக்கு மேலே அவள் குரல் வருவது நின்றே நான்கு நாள் ஆகிறது. நேற்றுக் காலையிலிருந்து ஒரு வாய் தின்னாத உயிர், நாளைக்கு இருக்குமோ இருக்காதோ, அதன் பசியைப் பிடித்துக்கொண்டு நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன்... டாக்டர் சொன்னது சரிதான், பாவம் பார்த்தால் பிடிக்க முடியாது. பாவம் பார்க்காமல் பிடிப்பதற்கு எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் பரவாயில்லை.

எழுந்தேன், கூண்டுக்குள் கையை விட்டு மீனை எடுத்தேன், அவளுடைய பழைய தட்டில், அவளுடைய பழைய ஏழாவது கல்லில் வைத்தேன். முள் இல்லாமல் பிசைந்து வைத்தேன், விழுங்கும்போது உறுத்தக் கூடாதே. தப்பாகச் செய்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது, சாயங்காலம் மருத்துவர் கேட்பார், என்னம்மா சொல்லியும், என்பார், நான் தலையைக் குனிந்துகொண்டு காலிக் கூண்டைக் கொடுப்பேன். அவர் வேறு ஏதாவது வழி சொல்லமாட்டாரா, வலை, மயக்க ஊசி, நீள் கம்பு, எதையாவது, கேட்க வேண்டும், கெஞ்சியாவது கேட்க வேண்டும், ஆனால் இரண்டு நாள் என்றாரே, அதில் ஒன்று நேற்றே போய்விட்டதே. உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்தேன், டீச்சர் மகளின் பை, மதியத்துக்குள் வேண்டுமென்று சொல்லியிருந்தாள், தோள்பட்டை பிய்ந்து தொங்கியது. பட்டையை வைத்தேன், மிதித்தேன், ஒரு கோடு ஓடியது, நூலை அறுத்தேன், அறுத்த பிறகுதான் பார்த்தேன், நூல் பிரியாமலிருக்கக் கோடியில் போடும் திருப்புத் தையலைப் போடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் மறந்ததில்லை, தூக்கத்தில்கூட என் கால் முன்னும் பின்னும் மிதிக்கும் என்பார் இவர். சும்மா நூல் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரு கண்ணி, இரண்டு கண்ணி, பிறகு மொத்தமும் தண்ணீர் மாதிரி வந்துவிட்டது, பட்டை தனியாக, பை தனியாக. இவ்வளவு சுலபமா? நான் தைத்தது இவ்வளவு சுலபமாகப் பிரியுமா? ஒருநாள், ஒரே ஒருநாள், அந்த நீலப் பட்டையன்று இப்படி மறந்திருக்கக் கூடாதா... பின்கட்டில் சிமெண்டுக் கல்லின் மேல் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. நின்றது. விக்கல் மாதிரி ஒரு விழுங்கல், மறுபடி தட்டு நகர்ந்தது. எழுந்து ஜன்னலில் பார்க்கலாம், நன்றாகச் சாப்பிடுகிறாளா, எவ்வளவு இறங்குகிறது என்று, ஆனால் நான் எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும், நாற்காலி கிறீச்சிட்டால் அவள் ஓடுவாள், பாதித் தட்டோடு ஓடுவாள். சக்கரத்தின் மேல் கையை வைத்து அது சுழலாமல் பிடித்துக்கொண்டேன், காலை மிதியிலிருந்து எடுத்தேன், திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்... இப்போதைக்கு அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது இதுதான் போலிருக்கிறது, நான் வராமல் இருப்பது, அதையாவது சரியாகச் செய்கிறேனா என்று யாரைக் கேட்பது...