பஞ்சு நனைவதற்குள்

1

இந்தக் கதை ஓர் அரசு ஆசுபத்திரியின் பல் பிரிவு வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் செல்லபாய், கேரள எல்லையோரக் குன்னத்துகால்காரி. கடைவாயில் மிச்சமிருப்பது ஒரே ஒரு அரைக்கும் பல். அதிலிருந்த பழைய அடைப்பு விழுந்து குழியாகிவிட்டது.

முதல் வரி இப்படி வந்தது: பாதரசம் மனிதன் கண்டெடுத்த மிகப் பழைய—

(வேண்டாம். கட்டுரை நாற்றம்.)

2

அந்தப் பழைய சாம்பல் நிற அடைப்பில் பாதரசம் உண்டு. கடலுக்கும் மீனுக்கும் கேடு என்று நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் அது எச்சில் ஊறும் வாயிலும் பத்து நிமிடத்தில் இறுகி நின்றுவிடும். வெள்ளைப் பசைக்குப் பல் உலர்ந்திருக்க வேண்டும், நீல விளக்கு வேண்டும், அரைமணி நேரம் வேண்டும். இங்கே நாற்காலி ஒன்று, டாக்டர் ஒருத்தி.

[தடை உத்தரவு மட்டும் தாமதமில்லாமல் வந்தது.]

3

டாக்டர் அனகாவைக் கொடியவளாக்கப் பார்த்தேன். மத்தியானம்வரை தண்ணீர்கூடக் குடிக்காதவளை எப்படி ஆக்குவது?

"எனக்குப் பழையது போதும் டாக்டரே."

"அது நிறுத்தியாச்சு அம்மச்சி. பாதரசமாக்கும்."

"இதே பல்லுல பதினெட்டு வருசம் கெடந்துது. நான் செத்தா போனேன்? நீங்க வச்ச வெள்ளை ரெண்டும் கஞ்சியோட உள்ள போச்சு."

4

எல்லைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை: இங்கே இல்லாதது அங்கே உண்டு. அரிசிக்கும் கோழிக்கும் பஸ் ஏறுவதுபோல செல்லபாயும் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக்குப் போனாள். மூன்று நாள் அலைந்தாள்.

"இந்த உத்தரவுக்குச் செக்போஸ்ட் கெடையாது அம்மா," என்றார் அங்கிருந்த டாக்டர்.

அந்த மூன்று நாளில் பல்லின் ஒரு பக்கச் சுவர் உடைந்தது. இங்கே நான் கோபப்பட வேண்டும். ஆனால் யார்மேல்—

5

இப்போது அவள் மறுபடி அனகாவின் நாற்காலியில். பல் உலர்ந்திருக்க, எச்சிலை உறிஞ்சும் பஞ்சு ஈறோரம் வைத்தாயிற்று.

"பிடுங்கட்டா, இன்னொரு தடவை வைக்கட்டா? சீக்கிரம் சொல்லணும். வெளிய பதினேழு பேரு உண்டு."

பிடுங்கினால் அவளுக்கு ஆயுசுக்கும் கஞ்சி. வைத்தால் மூன்றாம் முறையும் விழலாம். இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன்; இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. திறந்த வாயோடு அவளால் பதில் சொல்லவும் முடியாது. நீங்கள் சொல்லுங்கள். யோசிக்கலாம், ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள்.

பஞ்சு நனைகிறது.