மார்க் போடாத வெள்ளி டாலர்கள்

எங்கள் அப்பா எல்மர் குடித்ததில்லை, சூதாடியதில்லை. இரும்பாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய வெள்ளி டாலர்கள் வாங்கிச் சேர்த்தார், அவ்வளவுதான். அவர் போன பிறகு, ஒஹாயோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்புக்கு மாற அம்மா முடிவு செய்தாள். நாணயங்களை விற்கும் பொறுப்பை என் தலையில் கட்டினாள், ஒரு நிபந்தனையோடு.

"சும்மா கொண்டுபோய்க் கொட்டிட்டு வராதே, ராய். தரம் பாக்குற கம்பெனிக்கு அனுப்பு. எழுபதுக்கு எவ்வளவுன்னு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில அடைச்சு, மேல சீட்டு ஒட்டித் தருவாங்களாம். உங்க அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல எவனும் நல்ல மார்க் போட்டதில்ல. இப்பவாவது போடட்டும்."

எனக்கு இதில் இஷ்டமே இல்லை. காசு ஒவ்வொன்றுக்கும் கட்டணம், போக வரத் தபால் செலவு, அதற்குக் காப்பீடு, மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆனால் அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எதை அனுப்பலாம், எதை அப்படியே விற்கலாம் என்று கேட்க அவளையும் அழைத்துக்கொண்டு மெர்ல் கடைக்குப் போனேன். அப்பா வாடிக்கையாக நாணயம் வாங்கியது அவரிடம்தான்.

மெர்ல் ஒரு டாலரை விளிம்பில் பிடித்து, விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாம் பளபளன்னு இருக்கே, லோரேன்."

"இருக்காதா பின்னே?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தி நான்தானே சமையல் சோடா போட்டுத் தேய்ச்சு வைப்பேன். உங்ககிட்ட வாங்கிட்டு வரும்போது ஒவ்வொண்ணும் கறுத்துப்போய்க் கெடக்கும். விக்கிறதுக்கு முந்தி ஒரு துணியால தொடைக்கக்கூட வலிக்குமா உங்களுக்கு?"

"நான் ஒரு சோம்பேறி. ஊருக்கே தெரியுமே" என்று மெர்ல் சிரித்தார். அம்மா திருப்தியோடு எழுந்து, எதிர்க்கடையில் காபி குடிக்கப் போனாள்.

கதவு சாத்தியதும் மெர்லின் சிரிப்பு நின்றது. "ஒண்ணுகூடத் தேறாது, ராய். எல்லாத்துலயும் மயிரிழை மாதிரி கீறல். அனுப்பினா மார்க்கே வராது. 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னு சீட்டுல அச்சடிச்சு வரும். எங்க தொழில்ல அதுக்கு அர்த்தம், கெடுத்துட்டாங்கன்னு."

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன. அவ முதல் தடவை தேய்ச்சதும் தூக்கிட்டு என்கிட்டதான் ஓடி வந்தார். இதே நாற்காலியிலதான் உக்காந்தார். இனிமே தொடாதேன்னு சொல்லிடுங்கன்னேன். 'அவளுக்கு இதுல ஒரு ஆசையும் கெடையாது, மெர்ல். எனக்குப் பிடிச்சதுங்கிற ஒரே காரணத்துக்காகக் கை வலிக்கத் தேய்க்கிறா. அவகிட்டப் போய் கெடுத்துட்டேன்னு நான் எப்படிச் சொல்வேன்?'னார். அதுக்கப்புறமும் வாங்கினார். நல்லதாப் பாத்துத்தான் வாங்கினார், அதுவும் சோடாவுக்குத்தான் போகும்னு தெரிஞ்சே."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காசுகளுக்கு நல்ல விலை கிடைத்து, இந்த வயதில் அம்மா கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யலாமே என்று எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்தச் சீட்டுகளை நினைத்தேன். பெட்டிகள் திரும்பி வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படிப்பாள்.

வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுத் தருவதாக மெர்ல் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. அங்கேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டேன்.

காரில் ஏறியதும் அம்மாவிடம் சொன்னேன். மாதக்கணக்கில் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால் தரம் பார்க்க அனுப்பாமலே விற்றுவிட்டேன் என்றேன்.

"உங்க அப்பாவைப் பழைய இரும்பு மாதிரி எடை போட்டு வித்துட்டே."

"அவசரப்பட்டுட்டேம்மா."

"நான் காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் எங்கிட்ட ஒரு விஷயத்தை மறைச்சதில்ல, தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா" என்றேன்.