கோடு போட்ட முட்டைகள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ஜெயக்கொடி. இதில் பழி சுமக்கிற மாயக்காளை நான் பார்த்ததே இல்லை. ஒருத்தி வாயால் மட்டும் கேட்டதை எழுதுகிறேன். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்றே படியுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பழங்காநத்தத்தில் மாயக்காள் என்றொரு பொறாமைக்காரி...’

அடித்துவிட்டேன். பொறாமைக்காரி என்று யார் சொன்னது? ஜெயக்கொடிதான்.

2

எண்பத்து நாலாம் வருஷம். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோடையில் மாயக்காளின் கோழிகள் கழிச்சல் கண்டு செத்தபோது, “தவிட்டுல எதையோ கலந்துட்டா” என்று ஜெயக்கொடியைச் சொல்லித் தெருவில் நின்று கத்தினாள் மாயக்காள். பேச்சு நின்றது. பின்னாலேயே ஜெயக்கொடியின் கோழிகளும் செத்தன. மாயக்காள் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை.

அடைக்கு ஒரு கோழியும் மிச்சமில்லை. ஜெயக்கொடியின் புருஷன் சுருளி ரேடியோ ரிப்பேர்க்காரன். பலகைப் பெட்டிக்குள் பல்பு மாட்டி, குஞ்சு பொரிக்கச் சூடு நிற்கும்படி செய்து கொடுத்தான். பேரையூரில் பிறந்த வீட்டிலிருந்து, தவிட்டுக்குள் புதைத்து முட்டை கொண்டுவந்தாள் ஜெயக்கொடி. அடைக்கோழி செய்கிற மாதிரி முட்டையை அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். அடையாளத்துக்கு ஒரு பக்கம் பென்சிலால் கோடு போட்டாள்.

அவளுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. ஒருநாள் கோடு மேலே தெரிய வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் எல்லாக் கோடும் கீழே.

3

“நீங்க தொட்டீங்களா?”

“நான் கடையிலல்ல இருந்தேன்” என்றான் சுருளி.

“அப்ப உங்க மதினிதான். பழி தீக்குறா.”

“கெடுக்கணும்னா ஒடச்சிருக்கும். எதுக்குப் புரட்டி வைக்கணும்?”

“அது புரியாமத்தான் பயமா இருக்கு.”

(இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே, நானாகச் சேர்த்ததோ என்று சந்தேகம்.)

அதுவரை சும்மா சாத்திவிட்டுப் போன கதவுக்கு மறுநாள் பூட்டு வந்தது.

4

பூட்டு வந்த கொஞ்ச நாளில், மத்தியானம் கரண்டு போனது. சமையல் கூடத்திலிருந்து ஓட்டமாக வந்தாள் ஜெயக்கொடி. பூட்டிய கதவுக்கு முன்னால் மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு சுற்றிய செம்பு.

“ஏத்தா, பூட்டிட்டுப் போயிட்டியே! பல்பு அணைஞ்சா முட்டை ஆறிப்போகாதா? வெந்நி கொண்டாந்தேன், எங்குட்டு வைக்க?”

“முட்டையப் புரட்டினது நீங்கதானா?”

“நீ அரக்கப் பரக்க ஓடுற. மறந்திருப்பேன்னு புரட்டி விட்டேன். எங்கோழிதான் போச்சு, இதாச்சும் பொழைக்கட்டும்.”

ஜெயக்கொடி செம்பைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிக் கிடந்தது. காத்திருந்து காத்திருந்து ஆறியதா? அடுப்பிலேயே ஏறாத தண்ணீரா?

‘கண் கலங்க அவளைக் கட்டிக்கொண்டு...’

இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. பூட்டைத் திறந்தாள், கதவை விரியத் தள்ளினாள். மாயக்காள் கேட்காமலே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கரண்டு வரும்வரை இருவரும் பெட்டிக்குள் வெந்நீர்ச் செம்புகளை மாற்றி மாற்றி வைத்தார்கள்.

5

பாதி முட்டை பொரித்தது. மீதி கூமுட்டை. கெடுத்தது கரண்டா, பூட்டா, புரட்டிய கையா? மூன்றுக்கும் தனித்தனி முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றையும் நம்ப முடிந்தது. அதனால் மூன்றையும் கிழித்தேன்.

குஞ்சுகளில் சரிபாதியை மாயக்காளுக்குக் கொடுத்ததாக ஜெயக்கொடி சொன்னாள்.

“மனசாரக் கொடுத்தீங்களா? இல்ல, இனிமே தெருவுல நின்னு ஏதும் பேசிறக் கூடாதுன்னா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கதை எழுதுறவுக நீங்க. நீங்களே சொல்லுங்க.”

நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.