ஹா மேனேஜர் லீவ் கேட்ட வியாழக்கிழமை

மற்றவர்கள் சிரிப்பதை நாள் முழுக்க வாசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கேட்க சுகமான வேலை மாதிரி இருக்கும். ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். பாங்யோவில் எங்கள் கம்பெனி 'ஏழாம் கரை' என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு நடத்துகிறது. அதன் ரசிகர்கள் கூடி அரட்டையடிக்கும் பக்கத்தைக் கவனித்துக்கொள்வது நான், தக் ஹேரிம். எங்கள் ஊரில் சிரிப்பை 'க்' என்ற ஒற்றை எழுத்தை அடுக்கி எழுதுவோம். க்க்க்க் என்று அது திரை நிறைய ஓடும்போது சில நாள் எனக்கே விக்கல் எடுக்கும்.

சிரிப்பெல்லாம் ஒருத்தரைப் பற்றித்தான். விளையாட்டின் வில்லன், கிரேக்கர்களின் பாதாளக் கடவுள், செத்தவர்களுக்கெல்லாம் ராஜா. எங்கள் வாயில் அவர் பெயர் ஹாதெசு. ஹா என்பது எங்களிடம் நிஜமாகவே இருக்கிற குடும்பப் பெயர். போதாதா? அதற்குமேல், கடைசிக் கட்டத்தில் அவர் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, "இங்கேருந்து ஒருத்தனும் வீட்டுக்குப் போக முடியாது" என்று கர்ஜிப்பார். சாயங்காலம் பையைத் தொட்டவனை முறைக்கிற மேலதிகாரி யாருக்குத்தான் இல்லை? அன்றிலிருந்து அவர் ஹா மேனேஜர் ஆகிவிட்டார்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கழுத்தில் டை கட்டி, அடையாள அட்டை மாட்டி, கையில் காபிக் கோப்பையைக் கொடுத்து அவரைப் படம் வரைந்தார்கள். பாதாள வாசலில் காவல் நிற்கும் மூன்று தலை நாய் அவருடைய உதவியாளர் ஆனது. "தலை மூணு, சம்பளம் ஒண்ணு" என்று அதற்கு ஒரு புலம்பல். செத்தவர்களைப் படகில் அக்கரை சேர்க்கும் கிழவர் கம்பெனி பஸ் டிரைவர். கிரேக்கர்களின் கதையில் ஹாதெசின் மனைவி வருஷத்தில் பாதி நாள் தாய்வீட்டில் இருப்பாள். அதை ஒருவன் பிடித்துக்கொண்டு படமாகப் போட்டான்: "மேனேஜர் ஏன் வீட்டுக்குப் போறதில்லைன்னு இப்பத்தான் புரியுது. போனா சோறு போட ஆளில்லை."

இந்த வில்லனுக்கு வசனம் எழுதுகிறவர் கில் சங்மோ. கல்லூரியில் எனக்குச் சீனியர். இந்த வேலைக்கு என்னை இழுத்துப் போட்ட புண்ணியவானும் அவர்தான். ஆபீசில் பதவியைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது விதி. விதி கிடக்கட்டும், எனக்கு அவர் அண்ணன். தாய்வீட்டுப் படம் வந்த சமயத்தில்தான் அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு சுன்சியோனில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வருகிற பேச்சே இல்லை. ஆபீசில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். படம் அவர் கண்ணில் படக்கூடாதே என்று பதறிக்கொண்டு போனேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்.

"சரியாத்தான் சொல்றானுங்க," என்றார். "சோறு போட ஆளில்லை."

"அண்ணே, விளையாடாதீங்க."

"நானா விளையாடுறேன்? அவனுங்கதான் விளையாடுறானுங்க."

ரசிகர் பக்கத்தில் 'மூணாந்தலை' என்ற பெயரில் ஓர் ஆள் உண்டு. எதுவும் எழுதாது, எல்லாவற்றையும் வாசிக்கும். அது சங்மோ அண்ணன்தான். வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். நான் எப்போது பார்த்தாலும் மூணாந்தலைக்குப் பக்கத்தில் பச்சை எரிந்துகொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு ஹா மேனேஜர் சோர்ந்துகொண்டே வந்தார். சண்டைக்கு நடுவே ஈட்டியை ஊன்றி நின்று, "முதுகு வலிக்குது" என்றார். தோற்றவனைப் பார்த்து, "உன் வீட்டுலயாச்சும் லைட் எரியுதா?" என்று கேட்டார். ரசிகர்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். எங்கள் டீம் லீடர் பாங் சாருக்கு வாயெல்லாம் பல். "இந்த அழுமூஞ்சிதான் ஓடுது சங்மோ. இன்னும் கொஞ்சம் அழ வை," என்றார். அண்ணன் தலையாட்டினார். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டரைப் பாருங்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்லியாயிற்று.

"வியாழக்கிழமை முடியட்டும், பாக்கலாம்," என்பார்.

வியாழக்கிழமை காலையில்தான் விளையாட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் புதுச் சரக்கை ஏற்றுவோம். ஒரு வியாழன் முடிந்தால் அடுத்த வியாழன் வந்து நிற்கும். எந்த வியாழன் முடிந்திருக்கிறது?

அந்த வியாழக்கிழமை விளையாட்டு மறுபடி திறந்த உடனே ரசிகர் பக்கம் பற்றிக்கொண்டது. ஹா மேனேஜர் தோற்றதும் வழக்கம்போல் சாபம் விடவில்லை. ஈட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். விளையாடுகிறவனைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். "அப்ப நான் முன்னாடி போறேங்க," என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குள் நடந்துபோய் மறைந்தார்.

எங்கள் ஆபீஸ்களில் அன்றாடம் காதில் விழுகிற வார்த்தை அது. மற்றவர்கள் இன்னும் வேலையில் இருக்கும்போது கிளம்புகிறவன் கூச்சத்தோடு சொல்வது. அதைப் பாதாள ராஜா சொன்னால்? "மேனேஜரே கம்பி நீட்டிட்டாரு, நாம எதுக்குடா உக்காந்திருக்கோம்" என்று ஒருவன் ஆரம்பித்தான். அந்த வார்த்தைக்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. அதையே ஆளாளுக்கு எழுதினார்கள். "ரொம்ப உழைச்சிட்டீங்க மேனேஜர், நல்லபடியா போங்க." ஆயிரக்கணக்கில் போங்க, போங்க, போங்க. நானும் சிரித்தேன். அமோக வரவேற்பு என்று பாங் சாருக்கு எழுதிப் போட்டேன்.

மத்தியானம் கேன்டீனில் கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் கணக்குப் பிரிவுப் பெண் எழுந்தாள். மாசமாக இருக்கிறாள், செக்கப்புக்குப் போக வேண்டும். தன் மேலதிகாரியின் முன்னால் நின்று, "அப்ப நான் முன்னாடி போறேங்க," என்று குனிந்தாள். என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

கீழே இருக்கிறவர்கள் மேலே இருக்கிறவர்களிடம் சொல்கிற வார்த்தை அது. ஹா மேனேஜர் யாரையும் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. எல்லாரும் அவருக்கு நீ, வா, போதான். ராஜா எதற்கு ஒரு பொடியனிடம் குனிந்து விடை கேட்கிறார்? கேட்டது ராஜா இல்லை, வசனம் எழுதினவர். அந்த வார்த்தைக்கு எங்களிடம் இன்னொரு இடமும் இருக்கிறது. சாவு வீட்டில், இருக்கிறவர்களை விட்டுவிட்டுப் போனவரைப் பற்றி, அவர் முன்னாடி போயிட்டாரு என்றுதான் சொல்வோம்.

தட்டை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினேன். அண்ணனின் மேஜை துடைத்து விட்ட மாதிரி இருந்தது. அவர் மேஜை என்றால் குப்பைத்தொட்டிக்கு அண்ணன் தம்பி. ஆபீசுக்குள் போடும் செருப்பை எப்போதும் ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் உதறிவிட்டுப் போகிறவர். இன்று ஜோடி சேர்த்து நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார்.

"சங்மோ அண்ணன் எங்க சார்?" என்றேன்.

"அரை நாள் லீவ் கேட்டாரு, குடுத்தேன்," என்றார் பாங் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவ்வளவு பெரிய ஹிட் குடுத்த மனுஷன், போகட்டும். ஏன்?"

அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஆன்யாங்கில் இருக்கும் அவர் அக்காவுக்குப் போட்டேன். அங்கே வரவில்லை, நேற்று போன் பண்ணி மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான் என்றார். அக்காவை போலீசுக்குச் சொல்லச் சொன்னேன். பிறகு ரசிகர் பக்கத்தைத் திறந்தேன். மூணாந்தலைக்குப் பக்கத்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கேயோ உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். 'நல்லபடியா போங்க' என்று எழுதியவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஹார்ட் போட்டு வந்திருக்கிறார். விடைபெற்றுக்கொண்டிருக்கிறார், பாவி மனுஷன். இந்த முட்டாள்களும் கையாட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனியின் பெயரில் நான் எதைப் போட்டாலும் பாங் சார் பார்த்த பிறகுதான் போட வேண்டும். அவர் பார்க்கிறவரைக்கும் அந்தப் பச்சை எரியுமா? கம்பெனி பெயரிலேயே போட்டேன்.

"ஹா மேனேஜரின் லீவ் ரத்து. உடனே சீட்டுக்கு வரவும். இங்கேருந்து ஒருத்தனும் போக முடியாது."

பக்கம் வெடித்தது. கம்பெனியே ஜோக்கில் இறங்கிவிட்டது என்று அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. போங்க போங்க என்றவர்கள் எல்லாம் அடுத்த நொடியில் கட்சி மாறினார்கள்.

"உக்காருய்யா மேனேஜர், யாரைக் கேட்டு எழுந்த?"

"மூணு தலைக்கும் இன்னும் சாப்பாடு போடலை, அதுக்குள்ள என்ன அவசரம்?"

"காபி மெஷின் ரிப்பேர். நீங்க வந்து ஒரு உதை விட்டாத்தான் ஓடும்."

"லீவ் ரத்து. லீவ் ரத்து. லீவ் ரத்து."

நடுவில் யாரோ ஒருத்தி ஒரு 'க்' கூட இல்லாமல் எழுதியிருந்தாள். "மேனேஜர், நீங்க இல்லைன்னா நான் வியாழக்கிழமை எதுக்கு எழுந்திருக்கணும்?" அதற்குக் கீழே அதே வரியைப் பிரதியெடுத்துப் பலர் போட்டார்கள். ஜோக்குக்காகத்தான் போட்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியாது.

அப்போது பச்சைப் புள்ளி அணைந்தது. என் உயிரே அணைந்த மாதிரி இருந்தது. திரையை வெறித்துக்கொண்டு, சாமி சாமி என்று முனகினேன். எந்தச் சாமி என்று கேட்காதீர்கள். மறுபடி எரிந்தது. அதுவரை ஒரு வார்த்தை எழுதியிராத மூணாந்தலை எழுதியது.

"யாருடா என் லீவை ரத்து பண்ணது?"

உடனே அவருக்குப் போன் போட்டேன். இந்த முறை எடுத்தார். காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது.

"நான்தான் ரத்து பண்ணேன்," என்றேன். "எங்க இருக்கீங்க?"

"ஆத்தங்கரையில."

"எந்த இடம்? என்ன தெரியுது பக்கத்துல?"

"துக்ஸம். கடை இருக்கு."

"கடைக்குள்ள போங்க. சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"ராம்யோன் வாங்கிப் போட்டு உக்காருங்க. நான் வர்றவரைக்கும் போனை வைக்கக்கூடாது. வச்சீங்கன்னா உங்களை நான் சும்மா விட மாட்டேன், சொல்லிட்டேன்."

டாக்ஸியில் போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். கல்லூரியில் என் குடையைத் தொலைத்ததிலிருந்து ஆரம்பித்துத் திட்டினேன். அவர் ம், ம் என்றார். அந்த 'ம்' வந்துகொண்டிருக்கும்வரை எனக்குப் போதும். டாக்ஸி டிரைவரின் போனை வாங்கி அவர் அக்காவுக்கும் இடத்தைச் சொன்னேன்.

கடை வாசலில் பிளாஸ்டிக் மேஜையில் உட்கார்ந்திருந்தார். ராம்யோன் நூடுல்ஸ் ஊறி உப்பி, கிண்ணத்தை மீறிப் பொங்கி நின்றது. ஒரு வாய் தொடவில்லை. எதிரே உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகாத பெண் இப்படி நடுப்பகலில் ஓர் ஆணின் கையைப் பிடிக்கலாமா என்று கடைக்காரி பார்த்தாள். பார்க்கட்டும்.

"போயிடலாம்னுதான் வந்தேன் ஹேரிம்," என்றார்.

"தெரியும்."

"கடைசியா அவனுங்க சிரிக்கிறதைப் பாத்துட்டுப் போலாம்னு உக்காந்தேன். நல்லபடியா போங்கன்னானுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. எழுந்துட்டேன். திடீர்னு எல்லாரும் உக்காருங்கிறானுங்க."

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே. விளையாட்டுக்குச் சொன்னாங்க."

"தெரியும்," என்றார். "இருந்தாலும் உக்காந்துட்டேன்."

பிறகு அழுதார். முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லாமல் அழுதார். நானும் அழுதேன். கடைக்காரி உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனாள்.

"உங்க அக்கா வந்துட்டே இருக்காங்க," என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போறோம். அதுக்கப்புறம் அக்கா வீட்டுக்கு. லைட்டைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்."

மேஜைமேல் கிடந்த அவர் போன் அடித்தது. பாங் சார் பெயர். அண்ணனின் கை பழக்கத்தில் போனை நோக்கிப் போனது. நான் முந்திக்கொண்டேன்.

"ஹேரிமா? சங்மோ போன் உன்கிட்ட எப்படி?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "என்னைக் கேக்காம போட்டது தப்புதான், ஆனா பின்னிட்டே. லீவ் ரத்துன்னு ஊரே பேசுது. இதை விடக்கூடாது. சங்மோவை ஆபீசுக்கு வரச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள இதே மாதிரி, அழுதுக்கிட்டே லீவ் கேக்குற மாதிரி, இன்னும் பத்து வசனம் வேணும்."

அண்ணனைப் பார்த்தேன். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. நாளைக்கு வர மாட்டாரு. அடுத்த வியாழக்கிழமையும் வர மாட்டாரு. நானும் இன்னைக்குத் திரும்பி வரலை," என்றேன். "அப்ப நாங்க முன்னாடி போறோங்க."

மறுமுனையில் பாங் சார் விழுந்து விழுந்து சிரித்தார்.