வண்டிக்குள் மாமனார்

எங்கள் தொழிலில் முகத்துக்கு முன்னால் மச்சம் பிறக்கும்.

ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார்களுக்கு மேல்கூடு என்று ஒன்று உண்டு. தண்ணீர் பாட்டிலைப் போல அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரியும் பிளாஸ்டிக்கில் வரும். அதற்கு வெளியே வண்ணம் அடித்தால் முதல் மோதலிலேயே உரிந்து போகும். ஆகவே உள்பக்கம்தான் அடிக்க வேண்டும். உள்ளே அடிப்பதென்றால் எல்லாமே தலைகீழ். பார்ப்பவர் கண்ணில் முதலில் பட வேண்டியதை முதலில் வரைய வேண்டும், பின்னால் தெரிய வேண்டியதைக் கடைசியில். கண்மணி முடிந்துதான் கண்ணின் வெள்ளை. மீசை, மச்சம் எல்லாம் முடிந்த பிறகுதான் கன்னம். அதோடு இடது வலதாகும், வலது இடதாகும். எதையும் திருப்பிப் போட்டு வரைந்தால்தான் வெளியே நேராகத் தெரியும். இது தொழிலின் அரிச்சுவடி. பதினோரு வருடமாக வீட்டின் பின்னறையில் இதைச் செய்கிறேன். எனக்குப் பாடம் எடுக்க இனி ஒருவர் பிறந்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

என் மாமனார் பஸ் டிரைவர். முப்பத்து நான்கு வருடம் ஓட்டி, ஒரு சைக்கிளைக்கூட உரசாமல் ஓய்வு பெற்றவர். ‘விபத்தே இல்லாமல் ஓட்டியவர்’ என்று நிர்வாகம் கொடுத்த சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே தொங்குகிறது. தினமும் காலையில் குளித்ததும் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபி குடிப்பார். மாமியாரும் அவரும் எங்களோடு வந்து ஆறு வருடமாகிறது. என்னை அவர் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கு யாராவது வந்து பின்னறையிலிருந்து என்ன வாசனை என்று கேட்டால், “ஒருத்தர் பொம்மைக்குச் சாயம் பூசிட்டிருக்கார்” என்பார். அந்த ஒருத்தர் அவருடைய ஒரே மகளின் புருஷன் என்பதை வந்தவர்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பந்தய கிளப்புக்குத் தலைவர் ஒரு மெத்தைக் கடைக்காரர். டிரைவர் இல்லாத கார் ஓடுவதைப் பார்த்தால் பேய் ஓட்டுவது போல இருக்கிறது என்று சொல்லி, அவர் இந்த வருடம் ஒரு விதி கொண்டுவந்தார். எல்லா வண்டியிலும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தாக வேண்டும். முகம் இல்லாத வண்டிக்குப் பந்தயத்தில் இடமில்லை. அவர் தன் வண்டிக்குள் ஒரு பொம்மையின் தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். மற்றவர்கள் என்னிடம் ஓடி வந்தார்கள்.

கடைசியாக வந்தவர் பல் டாக்டர். பந்தயம் ஞாயிறு காலை, அவர் வந்தது சனி மதியம். யார் முகம் வேண்டும் என்று கேட்டதற்கு, பல் நன்றாகத் தெரிகிற யாராவது என்றார். ஹாலில் மேஜை மேல் என் மாமனாரின் பழைய அடையாள அட்டை கிடந்தது. படத்தில் அடர்ந்த மீசையும், இடக் கன்னத்தில் மிளகு அளவு மச்சமும். பல் தெரியவில்லை, அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பொம்மை பொம்மை என்கிறாரே, ஒரு நாள் பொம்மைக்குள் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அட்டையை எடுத்து எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி வேலையை ஆரம்பித்தேன்.

சிரித்ததில்தான் வந்தது வினை. வேலை முடிந்து, என் மனைவியின் ஹேர் டிரையரால் காயவைத்து, வெளிப்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய பாதுகாப்புத் தாளை உரித்தேன். முகம் பளிச்சென்று வந்திருந்தது. மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது. திருப்பிப் போட மறந்திருக்கிறேன். முதல் வாரம் பிரஷ் பிடிப்பவன்கூடச் செய்யாத தப்பு. இந்த வண்ணம் பிளாஸ்டிக்கோடு ஊறிவிடும், அழிக்கவும் முடியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூடி மறைப்பதற்குள் மாமனார் வாசலில் நின்றார். அவருக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ. உள்ளே வந்து, கூட்டை இரண்டு கையாலும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நின்றேன்.

“நானேதான்” என்றார்.

மாமியார் எட்டிப் பார்த்து, மச்சம் இந்தப் பக்கம் இல்லையே என்றார். என் மனைவியும் அதையே சொன்னாள். அவர் இருவரையும் லட்சியம் செய்யவில்லை. வண்டி நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு காலை முகச்சவரம் செய்து, காக்கிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் தயாராகிவிட்டார். பந்தயத் தளம் என்பது ஒரு கிடங்கின் பின்புறம், பழைய ரப்பர் குழாய்களை வளைத்துப் போட்டுப் பாதை அமைத்த சிமெண்டு முற்றம். அங்கே போனதும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அது இரண்டு சாண் வண்டி என்பதால் சுற்றி வர இரண்டு எட்டுதான் ஆனது. குனிந்து ஒவ்வொரு டயரையும் விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு பல் டாக்டரிடம், பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று கேட்டார். டாக்டர் ரிமோட்டைக் காட்டி, ஓட்டப்போவது நான் என்று விளக்கினார்.

மாமனார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “வண்டிக்குள்ள உட்காந்திருக்கிறவன் டிரைவர். வெளிய நின்னு போ, நில்லுன்னு சொல்றவர் கண்டக்டர். நீங்க கண்டக்டர்” என்றார். பதவி இறங்கிய டாக்டர் ரிமோட்டின் பேட்டரியைச் சரிபார்க்கப் போனார்.

ரிமோட்காரர்கள் ஒரு மேடையில் வரிசையாக நிற்பார்கள். டாக்டருக்குப் பின்னால் மாமனார் நின்றார். வண்டி கிளம்பியதும் அவர் வலது கால் மேடைப் பலகையை அழுத்த ஆரம்பித்தது. வளைவு வந்தால் உடம்பு சாய்ந்தது. மூன்று சுற்று முடிந்தபோது எங்கள் வண்டி இரண்டாவது இடத்தில் இருந்தது. அவர் முகத்தில் நான் ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பல் தெரிந்தது.

நான்காவது சுற்றில் டாக்டருக்கு ஒரு நோயாளியின் போன் வந்தது. ஒரு கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னும் வலிக்கிறதா என்று கேட்டார். அந்த ஒரு நொடியில் எங்கள் வண்டி, முன்னால் போன மெத்தைக் கடைக்காரரின் வண்டி மேல் ஏறி, மூன்று தடவை உருண்டு, குழாயில் மோதி நின்றது. கூட்டின் கூரையில் விரிசல். மெத்தைக் கடைக்காரரின் வண்டியிலிருந்து பொம்மைத் தலை தெறித்து, முற்றம் முழுக்க உருண்டு போய்ச் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் நின்றது.

மாமனார் மேடையிலேயே மெல்ல உட்கார்ந்தார். “ஆள் போயிடுச்சு” என்றார்.

அன்றிலிருந்து வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. டிவி போடக் கூடாது என்றார். திங்கட்கிழமை காலை சான்றிதழைத் துடைக்கவில்லை. கழற்றி, கட்டிலுக்கு அடியில் குப்புற வைத்துவிட்டார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பொம்மைக்குப் போய் இப்படியா என்று மாமியார் திட்டினார், கெஞ்சினார், பிறகு அவரும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருடம் கண்ணைப் போலக் காத்த பெயரை நான் ஒரு சனிக்கிழமை விளையாட்டுக்குப் பறித்துவிட்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் நான்கு பக்கத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதி மெத்தைக் கடைக்காரருக்கு அனுப்பினார். சம்பவம் நடந்தபோது வண்டியில் தான் இருந்ததாகவும், முறைப்படி விசாரணை நடத்த வேண்டும் என்றும். போனை எடுத்த டாக்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால், கண்டக்டர் மேல் பழி போடுகிறவன் டிரைவரே இல்லை என்றார். வேறு யாராக இருந்தாலும் கடிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்திருப்பார்கள். மெத்தைக் கடைக்காரர் ஒரு தலையை இழந்தவர். சனிக்கிழமை பிற்பகல் விசாரணை என்று அறிவித்துவிட்டார்.

விசாரணை அவர் கடையிலேயே நடந்தது. அங்கே நாற்காலி கிடையாது. உறுப்பினர்கள் ஒன்பது பேரும் நானும் மெத்தைகளில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தவர்கள் அமிழ்ந்து போனோம். தலைவர் இருப்பதிலேயே உயரமான மெத்தையில் நீதிபதி போல அமர முயன்று, முடியாமல், ஒருக்களித்துப் படுத்தபடி வாக்குமூலத்தை வாசித்தார். அவருக்கு முன்னால் ஒரு தலையணை மேல் பொம்மைத் தலை இருந்தது. மாமனார் மட்டும் நின்றுகொண்டிருந்தார், காக்கிச் சட்டையில்.

டிரைவர் தரப்பில் யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்டார். நான் எழுந்தேன். எழுவதற்கே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவர் பெயரைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதற்கு என் பெயரைக் கொடுக்க வேண்டும். அங்கே இருந்த ஒன்பது பேரும் என் வாடிக்கையாளர்கள்.

விரிசல் விட்ட கூட்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். “மச்சத்தைப் பாருங்க. இவருக்கு இடது பக்கம். வண்டியில இருக்கிற ஆளுக்கு வலது பக்கம். நான் திருப்பிப் போட மறந்துட்டேன். அது இவர் முகம் இல்ல” என்றேன்.

 அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டேன் என்று ஒரு சமையல்காரன் பந்தியில் வந்து சொன்னால் எப்படியோ அப்படிப் பார்த்தார்கள். ஒருவர் நான் வரைந்து கொடுத்த தன் கூட்டைப் பையிலிருந்து எடுத்து, மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது.

சாட்சிக்கு மாமியாரை அழைத்து வந்திருந்தேன். அவர் கூட்டை வாங்கி ஒரு தடவை பார்த்தார். “நாப்பது வருஷமா எதிர்ல உட்காந்து பார்க்கிறேன். இது அவர் இல்ல. அவர் ஜாடையில யாரோ” என்றார். தலைவர் திருப்தியாகத் தலையாட்டி, வண்டியை ஓட்டியவர் அடையாளம் தெரியாத நபர் என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

எனக்கு உயிர் வந்தது. தொழில் போனால் போகிறது, மனிதர் இனிச் சாப்பிடுவார்.

“நிறுத்துங்க” என்றார் மாமனார்.

மாமியார் கையிலிருந்து கூட்டை வாங்கிக்கொண்டார். விரிசலில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். பிறகு எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

“முப்பத்தி நாலு வருஷம் ஸ்டியரிங்குக்கு மேல இருந்த கண்ணாடியில நான் பார்த்த முகம் இது. அந்தக் கண்ணாடியில மச்சம் இந்தப் பக்கம்தான் இருக்கும். எதிர்ல உட்காந்து பார்க்கிறவங்களுக்கு வேற முகம். ஓட்டுறவனுக்கு இதுதான் முகம். என் மாப்பிள்ளை சரியாத்தான் வரைஞ்சிருக்கார். வண்டிய ஓட்டுனது நான்தான், எழுதிக்கோங்க.”

பின் வரிசைச் சிரிப்பு நின்றது. மடியில் கூட்டைத் திருப்பிக்கொண்டிருந்தவர், டிரைவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே வரைந்திருக்கிறானே, என்ன நுணுக்கம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு அதெல்லாம் எங்கே காதில் விழுந்தது. மாப்பிள்ளை என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அழுதுவிடக் கூடாது என்று மெத்தையின் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பந்தயங்களுக்கு ஓட்டத் தடை என்று தீர்ப்பாயிற்று. தடை தனக்கும் உண்டா என்று பல் டாக்டர் கேட்டார். கண்டக்டருக்கு இல்லை என்று தலைவரும் மாமனாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மறுநாள் காலை மாமனார் குளித்துவிட்டு நேரே என் பின்னறைக்கு வந்தார். கையில் சான்றிதழ். அதில் திருத்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் மாட்ட மாட்டேன் என்றார். சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்தேன். ‘விபத்தே இல்லாமல் ஓட்டியவர்’ என்ற வரிக்குக் கீழே வருகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணாடியைக் கவிழ்த்து, உள்பக்கமாக, சிவப்பில், ‘ஒன்று தவிர’ என்று திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தேன். வெளியே எழுதினால் அவர் தினமும் துடைப்பதில் அழிந்துவிடும்.

அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் இடக் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

“அடுத்த வண்டியில மச்சத்த இந்தப் பக்கம் வெச்சிடுங்க மாப்பிள்ளை” என்றார் மெதுவாக. “உங்க அத்தைக்கு அடையாளம் தெரியணும்.”

அது என் தப்பு என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரை நிமிர்ந்து பார்த்ததில் கடைசி எழுத்து கோணிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறேன் மாமா என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கி, நேர்ப்பக்கம் திருப்பிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.