நடுமடிப்பில் ஒரு முகம்

மாலைக் கதிரவன் உயர்ந்த கட்டடங்களின் பின்னே சாய்ந்துகொண்டிருக்க, ஆலைச் சங்கொலி ஓய்ந்து, வீடு திரும்புவோரின் காலடியோசை சந்துதோறும் நிறைந்து, மாடிக் கம்பிகளில் உலர்ந்த ஆடைகளை மகளிர் உருவியெடுத்து மடித்துக்கொண்டிருந்த அந்த வேளையில், அச்சகத் தெருவின் மூன்றாம் மாடி அறையொன்று மட்டும் விடியற்காலைபோல் சுறுசுறுப்பாய் இருந்தது. சுவரெங்கும் நூற்றிருபது புகைப்படங்கள் ஒட்டப்பட்டிருக்க, அவற்றின்முன் கைகட்டி நின்றாள் நூல் வடிவமைக்கும் நங்கை. அறநிறுவனம் ஒன்று அப்பகுதி உழைப்பாளர்க்குப் படக்கருவிகளை இரவல் தந்து, மூன்று மாதம் பயிலரங்கு நடத்தி எடுப்பித்த படங்கள் அவை. அவற்றைத் தொகுத்து நூலாக்குவதே அவள் பணி. இத்தகைய நூல்களுக்காக இருமுறை பரிசு பெற்றவள். மூன்றாவதும் தன் கைக்கு வந்துவிட்டதாகவே எண்ணியிருந்தாள்.

அன்புடைய வாசகரே, அப்படங்களுள் ஒன்றை மட்டும் உமக்குக் காட்டுகிறேன். வெறுஞ்சுவர் இருபுறமும் விரிய, சன்னலொளி இடப்பக்கமிருந்து சரிய, நட்டநடுவே நாற்காலியில் ஒருவன் அமர்ந்திருந்தான். எடுத்தவள் அவன் மனைவி, தையற்காரி. இருபது ஆண்டுகளுக்குமுன் சாயப்பட்டறையில் அமிலம் தெறித்துப் பாதி முகம் வெந்துபோனபின், அவன் தன் பழைய படங்களையெல்லாம் தேடித்தேடிக் கிழித்தெறிந்து, துண்டால் முகம் மூடியே நடமாடி வந்தான். இவ்வாண்டு மூச்சு தேய்ந்து, மருத்துவரும் கைவிரித்துவிட, ஒரே மகளும் கருவுற்றிருக்கக் கண்டு, ஒருநாள் தானாகவே துண்டை விலக்கினான்.

"எடுத்துக்கோ. பொறக்கப்போற பிள்ளைக்குத் தாத்தா மூஞ்சி தெரியணும். புத்தகத்துல வந்துட்டா யாரும் கிழிக்க முடியாது, நான்கூட," என்றான். ஒரே ஒரு படம் எடுத்தாள். உடனே துண்டு மீண்டும் முகத்தில் ஏறிவிட்டது.

நங்கை அப்படத்தை எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் விரித்து வைத்தாள். நடுவிலிருந்த முகம் நூலின் மடிப்பில் போய் விழுந்தது. பசை பிடிக்க வேண்டித் தாள்களின் முதுகோரத்தைச் சீவும்போது முகத்திலும் கொஞ்சம் போய்விடும் என்று அச்சகத்தார் எடுத்துச் சொன்னார். ஒரே பக்கத்தில் அடக்கிவிடலாமே என்றும் கெஞ்சினார். பிறகு, நல்ல வாடிக்கையை இழப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

மாதிரிப்படியைப் பார்க்கப் பயிலரங்கினரை அழைத்த நாளில் தையற்காரி வந்தாள். அப்பக்கத்தை விரித்து, மடிப்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் மடிப்போடு மாரடித்தவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"மேடம், தையலுக்குள்ள போற துணி வெளியே தெரியாது. அதுக்காகவே நாங்க ஓரத்துல துணி கூடுதலா விடுவோம். நீங்க அந்த எடத்துல அவர் மூஞ்சியை விட்டிருக்கீங்க."

நங்கை அவள் தோளில் கைவைத்து இனிமையாகச் சிரித்தாள். "அக்கா, படத்தை அழகா எடுத்திருக்கீங்க. புத்தகத்தை எங்கிட்ட விட்டுடுங்க. அந்த வெறும் சுவர்தான் இந்தப் படத்துக்கு உயிரே."

தையற்காரி படியிறங்கிப் போனதும், நங்கை தன் உதவியாளரிடம் அதே இனிமையோடு, "மூஞ்சி முழுசா தெரிஞ்சா பாக்கிறவங்க பயந்து பக்கத்தைப் புரட்டிடுவாங்க," என்றாள். அறியாமல் செய்தவளாயின் நானும் பொறுத்திருப்பேன். அவள் அறிந்தே செய்தாள். அதனால்தான் இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறெரிகிறது.

நூல் வெளியீட்டுக்குப் பதினொரு நாள் முன்னதாக அவன் இறந்தான். விழா மண்டபத்தில் தனக்களிக்கப்பட்ட நூற்படியை மடியில் வைத்துப் பிரித்த தையற்காரி, மடிப்புக்குள் புதைந்த முகத்தைக் காண இரு உள்ளங்கைகளாலும் நூலை அகல விரித்து, மேலும் மேலும் அழுத்தினாள். காதொன்று தெரிந்தது, கன்னத்தின் ஓரம் தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அவ்வழியே வந்த நங்கை குனிந்தாள்.

"பார்த்து அக்கா, அப்படி அழுத்தாதீங்க. புத்தகத்தோட முதுகு உடைஞ்சிடும்."

தையற்காரி எழுந்து நின்று, அவர் போய்விட்டார், அந்த முழுப்படத்தின் படியொன்று மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். இரவல் கருவியிலிருந்த படங்களோ அடுத்த பயிலரங்குக்காக முன்பே அழிக்கப்பட்டிருந்தன; அறைச் சுவரில் ஒட்டியிருந்தவையும் நூல் முடிந்ததும் குப்பைக்குப் போயிருந்தன. நங்கையின் கணிப்பொறியில் மட்டும் அம்முகம் முழுமையாய் இருந்தது.

"முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்களே அக்கா. படமெல்லாம் நிறுவனத்தோடது. நான் யாருக்கும் தரக்கூடாது," என்று சொல்லிவிட்டு, தன்னைப் படமெடுக்கக் காத்திருந்தோரை நோக்கி நடந்தாள். படிக்கச் சொல்லாமல் ஒப்பமிடச் சொன்ன தாளொன்று தையற்காரிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாட்காலை, துணி வெட்டும் பலகைமேல் அந்தப் புத்தகத்தைக் கிடத்தி, கத்தரிக்கோலால் அவ்விரு தாள்களையும் அறுத்தெடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தாள். சீவப்பட்டதும் பசையில் சிக்கியதுமாகச் சுண்டுவிரல் அகலம் நடுவே போயிருந்தது. மூக்கில்லை. நல்ல கண்ணும் வெந்த கண்ணும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆயினும் அவள் ஊசியில் மெல்லிய நூல் கோத்து, தாள் கிழியாதவாறு சிறுசிறு தையலாக இரண்டையும் இணைத்தாள். மணமகள் உடைக்குக்கூட அத்தனை நுணுக்கமாய் அவள் தைத்ததில்லை.

நிறைமாத வயிற்றோடு வந்திருந்த மகள் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, இதைக் குழந்தைக்குக் காட்ட வேணாம்."

தையற்காரி கத்தரிக்கோலை எடுத்து உறையிலிட்டாள். பலகையில் சிந்திய நூல் துணுக்குகளைக் கையால் கூட்டி அள்ளினாள். கவிழ்ந்து கிடந்த தாளை மட்டும் தொடவில்லை.

நூலுக்குப் பரிசு கிடைத்தது. நடுவர்கள் தனித்தெடுத்துப் பாராட்டியது அவ்விரு பக்கங்களையே; வெறுமையை இத்துணை அழகாகக் காட்டிய நூல் வேறில்லை என்றார்கள். வாசகரே, இன்றும் அது கண்ணாடிப் பேழைகளில் பொலிவோடு நிற்கிறது. உம் கைக்கு வந்தால் மெல்லப் பிரித்துப் பாரும். நடுவில் யாரோ இருப்பதுபோல் தோன்றினும் அழுத்திவிடாதீர். அதன் முதுகுக்கு வலிக்குமாம்.